உயிரணுவின் சுவாசம்: பிராணவாயுவுடனும் அஃதின்றியும்

ஈரம் நன்கு உலராத நெல்லைக் கோணிகளில் கட்டி அடுக்கிவைத்து, சில நாட்களுக்குப் பின் மூட்டையின் நடுவே கையை விட்டுப் பார்த்தால், உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதை உணரலாம். மேலும் சில நாட்கள் சென்றால் வெப்பம் மிகும்; மணிகளின்மேல் ஈரம் கசியும்; பூஞ்சக் காளான் படரும்; கெட்ட வாடை எழும். எவரும் தீ மூட்டவில்லை, நீர் தெளிக்கவுமில்லை. எனினும் வெப்பமும் நீரும் அங்கே தோன்றியுள்ளன. இவை எங்கிருந்து வந்தன?

நெல்மணி உயிருள்ள பொருள். அதன் கருவும், அதன்மேல் வாழும் காளான்களும் பூச்சிகளும் இடையறாது சுவாசித்துக்கொண்டிருக்கின்றன. மூட்டையில் தோன்றிய வெப்பமும் ஈரமும் அச் சுவாசத்தின் விளைவுகளே. மூட்டை சூடேறுதல், வெள்ளத்தில் மூழ்கிய பயிர் அழுகுதல், அரைத்த மாவு புளித்துப் பொங்குதல், தானியக் குழிக்குள் இறங்கியவர் மயங்கி விழுதல் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆயினும் இவை யாவும் ஒரே அடிப்படை நிகழ்ச்சியின் வெவ்வேறு தோற்றங்களாகும். அந் நிகழ்ச்சியை அறிந்தவர் தானியத்தையும் காக்கலாம், உயிரையும் காக்கலாம்.

மூச்சு வேறு, சுவாசம் வேறு

அன்றாடப் பேச்சில் மூச்சுவிடுதலையும் சுவாசித்தலையும் ஒரே பொருளில் வழங்குவது உண்டு. உயிர்நூலில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். நுரையீரலுக்குள் காற்றை இழுத்தலும் வெளிவிடுதலும் மூச்சு. அக் காற்றிலுள்ள பிராணவாயு இரத்தத்தின் வழியே ஒவ்வோர் உயிரணுவையும் அடைந்த பின்னர், அவ்வணுவினுள் உணவுப்பொருள் சிதைந்து சக்தி வெளிப்படுகிறதே, அதுவே சுவாசம். மூச்சு என்பது வாயுக்களின் போக்குவரத்து. சுவாசம் என்பது சக்தியைப் பெறும் இரசாயனச் செயல்.

நுரையீரல் இல்லாத உயிர்கள் பல. மண்புழு தோலின் வழியே பிராணவாயுவைப் பெறுகிறது. மீன் செவுளின் வழியே பெறுகிறது. செடி இலைத்துளைகளின் வழியாகவும் வேரின் வழியாகவும் பெறுகிறது. வாயில் வேறாயினும் உள்ளே நடைபெறும் செயல் பெரும்பாலும் ஒன்றே.

இங்கே ஆசிரியர்கள் ஒரு தவறான கருத்தைத் திருத்துதல் நலம். செடிகள் பகலில் கரியமில வாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்றும், இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன என்றும் மாணவர் பலர் எண்ணுகின்றனர். செடியின் உயிரணுக்கள் பகலிலும் இரவிலும் ஓயாது சுவாசிக்கின்றன. பகலில் ஒளிச்சேர்க்கை அதனினும் விரைவாக நடைபெறுவதால் சுவாசத்தின் விளைவு மறைந்து நிற்கிறது. ஒளியைப் பெறாத வேருக்கோ பகலும் இரவும் ஒன்றே. அது சுவாசிக்க மட்டுமே இயலும்.

எரிதலும் சுவாசித்தலும்

விறகு எரிவதும் உயிர் சுவாசிப்பதும் ஒத்த நிகழ்ச்சிகள் என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர்களுள் தலைசிறந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாஸியே. அவரும் கணித அறிஞர் லாப்லாஸும் 1783-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பனிக்கட்டியால் சூழப்பட்ட ஒரு கலத்தினுள் சீமைப்பெருச்சாளி ஒன்றை வைத்து, அதன் உடல்வெப்பம் எவ்வளவு பனிக்கட்டியை உருக்கியது என்று கணக்கிட்டனர். அது வெளிவிட்ட கரியமில வாயுவின் அளவையும் கண்டறிந்தனர். அதே அளவு கரியமில வாயுவைத் தரும் கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்பதோடு ஒப்பிட்டபோது, இரண்டும் ஏறத்தாழ நெருங்கி நின்றன. சுவாசம் என்பது மெதுவாக நிகழும் ஓர் எரிதலே என்று அவர்கள் முடிவு கூறினர்.

இம் முடிவு பெரும்பாலும் சரியானது, ஆயின் முழுமையானதன்று. சர்க்கரையைத் தீயிலிட்டால் அதன் சக்தி முழுவதும் ஒரே கணத்தில் வெப்பமாகவும் ஒளியாகவும் வீணாகிவிடும். அத்தகைய வெப்பத்தை எவ்வுயிரணுவும் தாங்காது. உயிரணுவோ அதே சர்க்கரையைப் பல சிறிய படிகளில் சிதைக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு தனி நொதிப்பொருள் செயலாற்றுகிறது. உயரமான மாடியிலிருந்து குதிப்பவனுக்கும் படிக்கட்டின் வழியே இறங்குபவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கே உள்ளது. இறங்கிய உயரம் ஒன்றே. ஆயின் படியிறங்கும் வழியில்தான் சக்தியைச் சிறிது சிறிதாகப் பற்றிச் சேமிக்க இயலும்.

சக்தியைச் சுமந்து செல்லும் பொருள்

அவ்வாறு பற்றிய சக்தியை உயிரணு எதில் சேமிக்கிறது? அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளில் சேமிக்கிறது. இதனைச் சுருக்கமாக ஏ.டி.பி. என்பர். இம் மூலக்கூற்றில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் வரிசையாக இணைந்துள்ளன. கடைசித் தொகுதி பிரியும்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டே தசை சுருங்குகிறது. நரம்பு செய்தி அனுப்புகிறது. வேர் மண்ணிலிருந்து உப்புக்களை ஈர்க்கிறது. புதிய புரதம் உருவாகிறது. பிரிந்த பாஸ்பேட்டைச் சுவாசத்தால் பெறும் சக்தி மீண்டும் இணைத்துவிடுகிறது. கையில் வந்தவுடன் செலவாகி, மறுபடியும் வந்து சேரும் நாணயத்தைப் போன்றது ஏ.டி.பி.

இப்பொருளைக் கண்டறிந்த வரலாற்றில் இந்தியர் ஒருவருக்குச் சிறப்பான இடம் உண்டு. 1895-ஆம் ஆண்டில் ஆந்திரத்துப் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த எல்லாப்பிரகட சுப்பாராவே அவர். அவரும் சைரஸ் ஃபிஸ்கேயும் 1925-இல் பாஸ்பரஸை அளந்தறியும் எளிய முறை ஒன்றை வகுத்தனர். அம்முறையின் துணையால் 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டினையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் பற்றி வெளியிட்டனர். அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியே ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். சுப்பாராவ் 1948-இல் மறைந்தார். சுவாசத்தைப் பற்றிய பாடத்தில் இப்பெயரை மாணவர்க்கு அறிமுகப்படுத்துவது பொருத்தமுடையது.

பிராணவாயு உள்ளபோது

குளுகோஸ் என்னும் சர்க்கரையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது முழுமையாகச் சிதைவது மூன்று கட்டங்களில் நடைபெறுகிறது.

முதற்கட்டம் உயிரணுவின் கூழ்ப்பகுதியில் நிகழ்கிறது. ஆறு கார்பன் அணுக்களையுடைய குளுகோஸ், மும்மூன்று கார்பன் அணுக்களையுடைய இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகப் பிளவுறுகிறது. இதற்குப் பிராணவாயு தேவையில்லை. செலவு போக நிகரமாக இரண்டு ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கின்றன. இதனைச் சர்க்கரைப் பிளவு எனலாம்.

இரண்டாங்கட்டம் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புக்களில் நிகழ்கிறது. பைருவிக் அமிலம் அங்குச் சென்று கரியமில வாயுவாகச் சிதைகிறது. இச் சிதைவு ஒரு வட்டத்தில் சுழன்று, தொடங்கிய பொருளிலேயே மீண்டும் வந்து முடிகிறது. இவ்வட்டத்தை 1937-இல் விளக்கியவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அதற்காக 1953-இல் நோபெல் பரிசு பெற்றார். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவில் பெரும்பகுதி இங்குப் பிறந்ததே.

மூன்றாங்கட்டத்தில்தான் பிராணவாயு நேரே பங்கு கொள்கிறது. முன்னிரு கட்டங்களிலும் சர்க்கரையிலிருந்து பிரிக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமாறிச் சென்று, இறுதியில் பிராணவாயுவை அடைகின்றன. அங்கே நீர் உண்டாகிறது. இப் பயணத்தில் வெளிப்படும் சக்தி ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வின் ஒருபுறத்தில் திரட்டுகிறது. அணையில் தேங்கிய நீர் மடைவழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுவதைப் போல, அவ்வயனிகள் திரும்பிப் பாயும்போது ஒரு நொதிப்பொருளின் பகுதி உண்மையாகவே சுழன்று ஏ.டி.பி.யை உருவாக்குகிறது. 1961-இல் பீட்டர் மிட்சல் வெளியிட்ட இக் கொள்கை முதலில் ஐயத்துடன் நோக்கப்பட்டு, பின்னர் உறுதிபெற்று, 1978-இல் அவருக்கு நோபெல் பரிசைப் பெற்றுத் தந்தது.

ஆகவே பிராணவாயுவின் பணி யாது? எலெக்ட்ரான்களை இறுதியில் ஏற்றுக்கொள்வதே அதன் பணி. ஏற்றுக்கொள்வார் இல்லையேல் வரிசை முழுவதும் நின்றுவிடும். சயனைடு என்னும் நஞ்சு சிறிதளவிலேயே உயிரைக் கொல்வதன் காரணமும் இதுவே. அது இவ் வரிசையின் கடைசி நொதிப்பொருளைத் தடுத்துவிடுகிறது. அந்நிலையில் இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும் உயிரணு அதனைப் பயன்படுத்த இயலாது.

பிராணவாயு இல்லாதபோது

பிராணவாயு கிடைக்காதபோது இரண்டாம், மூன்றாங்கட்டங்கள் நின்றுவிடுகின்றன. முதற்கட்டம் மட்டுமே எஞ்சுகிறது. அதுவும் தொடர வேண்டுமாயின், சர்க்கரையிலிருந்து பிரிந்த ஹைட்ரஜனை எங்கேனும் சேர்த்தாக வேண்டும். ஆகையால் உயிரணு அதனைப் பைருவிக் அமிலத்தின்மீதோ, அதிலிருந்து பிறந்த பொருளின்மீதோ ஏற்றிவிடுகிறது. இதனை நொதித்தல் என்பர்.

நொதித்தல் பெரும்பாலும் இருவகைப்படும். ஈஸ்டு என்னும் நுண்காளானிலும், நீரில் மூழ்கிய வேர்களிலும் எதில் ஆல்கஹால் என்னும் சாராயமும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களிலும், கடுமையாக உழைக்கும் தசைகளிலும் லாக்டிக் அமிலம் உண்டாகிறது. இட்டிலி மாவில் வாழும் சில நுண்ணுயிர்கள் அமிலத்தையும் கரியமில வாயுவையும் ஒருங்கே தருவதால் மாவு புளிப்பதோடு பொங்கவும் செய்கிறது.

நொதித்தலைப் பற்றிய அறிவு இரண்டு பெரும் ஆராய்ச்சிகளால் வளர்ந்தது. காற்றின்றியும் உயிர் வாழ்தல் இயலும் என்று லூயி பாஸ்டர் நிறுவினார். ஈஸ்டுக்குக் காற்றைச் செலுத்தினால் அது குறைந்த சர்க்கரையைச் செலவிட்டு மிகுதியாகப் பெருகுகிறது என்றும், காற்றை நிறுத்தினால் மிகுந்த சர்க்கரையைச் செலவிட்டும் சிறிதளவே பெருகுகிறது என்றும் அவர் 1861-இல் கண்டார். 1897-இல் எட்வர்டு பூக்னர், ஈஸ்டை மணலுடன் அரைத்துப் பிழிந்தெடுத்த சாற்றில் உயிருள்ள அணு ஒன்றுமே இல்லாதபோதும் சர்க்கரை சாராயமாவதைக் காட்டினார். உயிர்ச்செயல்களை நடத்துபவை நொதிப்பொருள்களே என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது.

இருவழிகளின் வரவு செலவு

180 கிராம் குளுகோஸ் 192 கிராம் பிராணவாயுவுடன் சேர்ந்து முற்றிலும் சிதைந்தால் 264 கிராம் கரியமில வாயுவும் 108 கிராம் நீரும் உண்டாகின்றன. இதில் பயன்படக்கூடிய சக்தி சுமார் 686 கிலோ கலோரி. ஒரு குளுகோஸ் மூலக்கூற்றுக்கு 30 முதல் 32 ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கின்றன. பழைய பாடநூல்களில் 36 அல்லது 38 என்று காணப்படும். பிற்கால அளவீடுகளால் அக் கணக்குத் திருத்தப்பட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி இவ்வாறு சேமிக்கப்பட, எஞ்சியது வெப்பமாக வெளிப்படுகிறது.

அதே 180 கிராம் குளுகோஸ் காற்றின்றி நொதித்தால் 92 கிராம் சாராயமும் 88 கிராம் கரியமில வாயுவும் உண்டாகின்றன. கிடைக்கும் ஏ.டி.பி. இரண்டே. சர்க்கரையின் சக்தியில் மிகப் பெரும்பகுதி சாராயத்திலேயே தங்கிவிடுகிறது. ஆய்வுக்கூடத்துச் சாராய விளக்கு நன்கு எரிவதே இதற்குச் சான்று.

ஆகவே ஒரே அளவு ஏ.டி.பி.யைப் பெறுவதற்குக் காற்றில்லா வழியில் பதினைந்து மடங்கு சர்க்கரை செலவாகிறது. அதனுடன் சாராயம் அல்லது அமிலம் என்னும் கழிவும் சேர்கிறது. காற்றில்லா வழி உயிரணுவுக்கு ஓர் இடர்க்காலக் கடனைப் போன்றது. அது சிறிதுகாலம் உயிரைத் தாங்கும்; நீடித்தால் முதலையும் அழித்துவிடும்.

மனிதத் தசையில்

நூறு மீட்டர் ஓட்டத்தில் ஓடுபவரின் தசைகளுக்கு அச் சில நொடிகளில் தேவையான பிராணவாயு முழுவதும் வந்து சேர்வதில்லை. ஆகையால் சர்க்கரைப் பிளவு விரைவுற்று லாக்டிக் அமிலம் தோன்றுகிறது. ஓட்டம் முடிந்த பின்னும் அவர் நெடுநேரம் மூச்சிரைப்பது, செலவான சேமிப்பை மீண்டும் நிரப்புவதற்கேயாம். தோன்றிய லாக்டிக் அமிலம் வீணாவதில்லை. இதயமும் பிற தசைகளும் அதனை எரிபொருளாகக் கொள்கின்றன. ஒரு பகுதி ஈரலை அடைந்து மீண்டும் குளுகோஸாக மாறுகிறது. கார்ல் கோரியும் கெர்டி கோரியும் விளக்கிய இச் சுழற்சி அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

கடும் உழைப்பிற்கு மறுநாள் தோன்றும் உடல்வலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நெடுநாள் கற்பிக்கப்பட்டது. அது சரியன்று. அவ்வமிலம் ஓரிரு மணி நேரத்திலேயே பழைய அளவிற்குக் குறைந்துவிடுகிறது; மறுநாள் வலிக்குத் தசைநார்களில் நேர்ந்த நுண்ணிய சேதமே காரணம்.

நீர் தேங்கிய மண்ணில்

நொதித்தலையும் காற்றில்லாச் சுவாசத்தையும் ஒன்றாகவே கூறும் வழக்கம் பள்ளிகளில் உண்டு. நுட்பமாக நோக்கின் இவை வேறு. மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்கள், பிராணவாயு கிடைக்காதபோது நைட்ரேட்டு, இரும்பு, சல்பேட்டு முதலியவற்றின்மேல் எலெக்ட்ரான்களை ஏற்றி, உண்மையான சுவாசத்தையே தொடர்ந்து நடத்துகின்றன. காற்றில்லாச் சுவாசம் என்னும் பெயர் இதற்கே முழுமையாகப் பொருந்தும்.

நெல்வயலில் நீர் நிறுத்திய சில நாட்களில் மேற்பரப்பின் மெல்லிய படலம் நீங்கலாக மண்ணில் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அதன்பின் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டைப் பற்றுகின்றன. அது நைட்ரஜன் வாயுவாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. நீர் நிற்கும் நெல்வயலுக்கு நைட்ரேட்டு உரம் ஏற்றதன்று என்று வலியுறுத்தப்படுவதன் காரணம் இதுவே. அம்மோனியம் தரும் உரத்தை மண்ணின் உட்பகுதியில் சேர்த்தால் இழப்புக் குறையும். நைட்ரேட்டுத் தீர்ந்த பின் இரும்பு மாற்றமுற்று மண் செந்நிறம் இழந்து சாம்பல் நிறம் பெறுகிறது. அதற்கும் பின்னர்ச் சல்பேட்டிலிருந்து அழுகிய முட்டை வாடையுடைய வாயுவும், இறுதியில் மீதேன் வாயுவும் தோன்றுகின்றன. இடையிடையே நீரை வடித்து மண்ணைக் காயவிட்டால் மீதேன் தோன்றுவது குறைகிறது.

வெள்ளத்தில் மூழ்கிய பயிர்

நீரில் கரையும் பிராணவாயு மிகக் குறைவு. நீரினூடே அது பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகையால் நீர் தேங்கிய வயலில் கோதுமை, பருப்பு வகைகள் முதலியவற்றின் வேர்கள் நொதித்தலுக்குத் தள்ளப்படுகின்றன. சேமித்த சர்க்கரை விரைவில் தீர்கிறது. வேர் உப்புக்களை ஈர்க்கும் ஆற்றலை இழக்கிறது. இலைகள் மஞ்சளாகி வாடுகின்றன. நீர் நிறைந்திருக்கும்போதே செடி வாடுவதன் விந்தை இதனால் விளங்கும்.

நெற்பயிரின் வேரிலும் தண்டிலும் காற்று செல்லும் குழாய்கள் போன்ற திசு அமைந்துள்ளது. இலையிலிருந்து வேர்நுனி வரை அதன் வழியே பிராணவாயு இறங்குகிறது. நெல் விதையோ பிராணவாயு அறவே இல்லாத நீரிலும் முளைக்க வல்லது. கோதுமை விதை அந்நிலையில் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதிப்பொருளை உண்டாக்க இயலாமல் நின்றுவிடுகிறது. நெல் அதனை உண்டாக்கி, நொதித்தலால் பெறும் சிறு சக்தியைக் கொண்டே முளையின் உறையை மேல்நோக்கி நீட்டுகிறது. வேர் பின்னரே வளர்கிறது.

எனினும் பயிர் முழுவதும் பல நாள் மூழ்கினால் நெல்லும் மடியும். சாதாரண நெல் வகைகள் நீருக்கு மேலே தலைநீட்ட முயன்று தம் சேமிப்பைச் செலவழித்துவிடுகின்றன. ஒடிசாவின் பழைய நெல் வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்னும் வகை இதற்கு மாறாக நடந்துகொள்கிறது. மூழ்கியவுடன் வளர்ச்சியை அடக்கி, மாப்பொருளைச் சிக்கனமாகச் செலவிட்டு, நீர் வடிந்த பின் மீண்டும் தழைக்கிறது. இப் பண்பிற்குக் காரணமான சப்-1ஏ என்னும் மரபுக்கூறு 2006-இல் அடையாளங் காணப்பட்டது. அதனைச் சுவர்ணா நெல்லில் சேர்த்து உருவாக்கிய சுவர்ணா சப்-1 என்னும் வகை 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. இரு வாரங்கள் வரை முற்றிலும் மூழ்கியிருந்தும் பிழைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதன் இரகசியம் மிகுந்த சக்தியைப் பெறுவதன்று. குறைந்த சக்தியில் காத்திருப்பதாகும்.

களஞ்சியமும் தானியக் குழியும்

தானியத்தின் சுவாசத்தை மிகுவிப்பவை இரண்டு: ஈரம், வெப்பம். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஈரமுள்ள தானியம் மிக மெதுவாகச் சுவாசிக்கிறது. பதினான்கு பங்கிற்கு மேல் ஈரம் ஏறினால், தானியமும் அதன்மேலுள்ள காளான்களும் விரைந்து சுவாசிக்கத் தொடங்குகின்றன. சாதாரண வெப்பநிலைகளில் பத்துப் பாகை வெப்பம் உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகிறது. சுவாசம் வெப்பத்தையும் நீரையும் தருகிறது. அவ் வெப்பமும் நீரும் சுவாசத்தை மேலும் தூண்டுகின்றன. ஒரு கிலோ குளுகோஸுக்குச் சமமான பொருள் சிதைந்தால் 600 கிராம் நீரும், சுமார் 3,700 கிலோ கலோரி வெப்பமும் வெளிப்படும். 30 பாகை வெப்பமுள்ள ஐம்பது லிட்டர் நீரைக் கொதிக்கச் செய்ய அது போதும். ஆகவே நன்கு உலர்த்திய பின்னரே சேமித்தல் வேண்டும் என்னும் அறிவுரை வெறும் வழக்கமன்று; சுவாசத்தை அடக்கும் முறையாகும்.

காற்றுப் புகாத சேமிப்பும் இவ்வடிப்படையிலேயே பயன் தருகிறது. கர்நாடகத்தின் வடபகுதியில் ஹகேவு எனப்படும் நிலத்தடிக் குழிகளில் சோளத்தைச் சேமித்து மூடும் பழக்கம் தொன்றுதொட்டு வந்தது. மூடிய குழிக்குள் தானியமும் பூச்சிகளும் காளான்களும் பிராணவாயுவைச் செலவிட்டுக் கரியமில வாயுவை நிறைக்கின்றன. பிராணவாயு மிகக் குறைந்தவுடன் பூச்சிகள் மடிகின்றன, தானியம் காக்கப்படுகிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைகளும் இதே முறையைப் பின்பற்றுவனவே. ஆயின் ஈரமான விதையை இவ்வாறு மூடலாகாது. காற்றின்றி நொதித்துச் சாராயம் தோன்றி, முளைப்புத்திறன் அழிந்துவிடும்.

தானியத்தைக் காக்கும் இதே வாயு மனிதனைக் கொல்லவும் வல்லது. கரியமில வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது; ஆகையால் குழியின் அடியில் தேங்கி நிற்கும். அதற்கு நிறமில்லை, எச்சரிக்கும் வாடையுமில்லை. குழியைத் திறந்தவுடன் இறங்குபவர் சில மூச்சுக்களிலேயே நினைவிழக்கக்கூடும். மூளையின் உயிரணுக்கள் காற்றில்லா வழியில் தம்மைத் தாங்கிக்கொள்ள இயலாதவை. சில நிமிடங்களே அவற்றிற்குக் கிடைக்கும் தவணை. விழுந்தவரைத் தூக்கப் பதற்றத்துடன் இறங்குபவரும் அதே கதிக்கு உள்ளாகிறார். ஒருவர் இறக்க வேண்டிய இடத்தில் மூவரும் நால்வரும் இறப்பது இவ்வாறே. பாழ்கிணறுகளிலும், சாணக் குழிகளிலும், கழிவுநீர்த் தொட்டிகளிலும் இவ்வபாயம் உண்டு. அவற்றில் வேறு நச்சு வாயுக்களும் சேர்ந்திருக்கும்.

களப்பணியாளர் ஊர்தோறும் எடுத்துரைக்க வேண்டியவை வருமாறு:

குழியைத் திறந்து நெடுநேரம் காற்றோட்டம் அளிக்காமல் எவரும் இறங்கலாகாது. விசிறியோ காற்றூதியோ கொண்டு அடிவரை புதிய காற்றைச் செலுத்துதல் நன்று.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறையை முழுவதும் நம்பலாகாது. விளக்கு அணைந்தால் அபாயம் உறுதி. அணையாவிடினும் பாதுகாப்பு உறுதியன்று. மனிதனுக்குத் தீங்கு தரும் அளவு கரியமில வாயு உள்ள காற்றிலும் சுடர் எரியக்கூடும். சாணக் குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் மீதேன் தீப்பற்றும். அங்கு விளக்கையோ நெருப்பையோ கொண்டுசெல்லவே கூடாது. வாயுவை அளக்கும் கருவியே தக்க வழி.

இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டியிருத்தல் வேண்டும். கயிற்றைப் பிடித்து இருவரேனும் மேலே நிற்றல் வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால், மூச்சுக்கருவி அணியாத எவரும் பின்தொடர்ந்து இறங்கலாகாது. மேலிருந்தே கயிற்றால் இழுத்தலும், காற்றைச் செலுத்துதலும், தீயணைப்புப் படையை அழைத்தலுமே செய்யத்தக்கவை.

வகுப்பறைச் சோதனைகள்

முதலாவது: முளைவிட்ட கொண்டைக்கடலையை ஒரு வெப்பக்குடுவையில் நிரப்பி, வெப்பமானி செருகிய பஞ்சடைப்பால் மூடுக. மற்றொரு குடுவையில், வேகவைத்து ஆறியபின் கிருமிநாசினியில் கழுவிய கடலையை அவ்வாறே வைக்குக. இரண்டு நாட்களில் முதற்குடுவையின் வெப்பம் உயர்ந்திருக்கும். மற்றதில் மாற்றம் இராது. கிருமிநாசினியில் கழுவாவிடில் நுண்ணுயிர்கள் பெருகி இரண்டாவதும் சூடேறும் என்பதை மாணவர்க்கு விளக்குக.

இரண்டாவது: கொதிக்கவைத்து ஆறிய சர்க்கரைக் கரைசலில் ஈஸ்டைக் கலந்து, மேலே சிறிது எண்ணெய் ஊற்றிக் காற்றைத் தடுக்குக. புட்டியிலிருந்து ஒரு குழாயைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் செலுத்துக. சிறிது நேரத்தில் சுண்ணாம்பு நீர் பால்போல் வெண்மையாகும். காற்றின்றியும் கரியமில வாயு தோன்றியதை இது காட்டும்.

மூன்றாவது: நெல்லையும் கோதுமையையும் தனித்தனிப் புட்டிகளில் இட்டு, கொதிக்கவைத்து ஆறிய நீரை விளிம்புவரை நிரப்பி இறுக மூடுக. ஒரு வாரத்தில் நெல் வெண்ணிற முளையை நீட்டியிருக்கும். வேர் இராது, அல்லது மிகச் சிறிதே இருக்கும். கோதுமை முளைக்காது. இரு தானியங்களும் காற்றின்மையை எதிர்கொள்ளும் வகையை மாணவர் கண்ணாலேயே காண்பர்.

பயிற்சி வினாக்கள்

1. மூச்சுக்கும் சுவாசத்துக்கும் உள்ள வேறுபாடு யாது? நுரையீரல் இல்லாத இரண்டு உயிர்களைக் கொண்டு விளக்குக.

2. நெல்லை ஊறவைத்து வடித்துக் கோணியில் கட்டிவைத்தால், முளைகட்டும்போது கோணி சூடாவது ஏன்? அதனை இடையிடையே கிளறிவிடுவதால் விளையும் நன்மைகள் யாவை?

3. நீர் நிற்கும் வயலில் கோதுமை வாடுவதும், தானியக் குழியில் பூச்சிகள் மடிவதும் எவ்வகையில் ஒத்தவை?

4. பூட்டிய தானியக் குழி ஒன்று உங்கள் ஊரில் நாளைத் திறக்கப்படவுள்ளது. இறங்கப்போகும் தொழிலாளிக்கு நீங்கள் கூற வேண்டியவற்றை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.